விடியும்வரை நிற்கும் கேமரா

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி விழுப்புரத்து விடுதிகளில் அறை கிடைப்பது அரிது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குப் போகும் திருநங்கையர் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து இங்கேதான் தங்குகிறார்கள். அவர்கள் பின்னாலேயே கேமராக்களும் வந்துவிடும். விழுப்புரத்தில் அழகிப் போட்டி, கூவாகத்தில் கூத்தாண்டவரான அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்ளும் இரவு, மறுநாள் அரவான் களப்பலி முடிந்ததும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழும் அழுகை. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் வந்தவர்களுக்குப் படம் முடிந்துவிட்டது. அழுது முடித்த திருநங்கை உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி எந்த ஊருக்குப் போகிறார், அங்கே அவருக்கு யார் கதவைத் திறக்கிறார்கள், அடுத்த சித்திரை வரைக்கும் எதைச் சாப்பிட்டு எங்கே தூங்குகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்த கேமராக்கள் மிகக் குறைவு.

இந்தப் பக்கத்துக்குக் கேமரா வருகிற இன்னொரு சமயம், கெட்டது நடக்கும்போது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி கிராமத்தின் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதை மறுத்து 2023இல் தகராறு எழுந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தபோது தொலைக்காட்சி வண்டிகள் வரிசையாக நின்றன. சீல் வைத்த கதவைப் படம் பிடித்தார்கள். அதற்கப்புறம் வழக்கு நடந்தது, நீதிமன்றம் உத்தரவிட்டது, கதவு திறந்தது. அந்தப் பூட்டுக்கு இரு பக்கத்திலும் ஊர் எப்படி மூச்சுவிட்டது, ஒரே கடையில் பால் வாங்கியவர்கள் அந்த மாதங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் செய்தி ஆகவில்லை. செய்திக்கு அது வேலையும் இல்லை.

அந்த வேலை தனி ஒரு ஆள் தன் கைக்காசில், தன் பெயரில் எடுக்கும் குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் உரியது. தயாரிப்பாளர் கிடையாது, சேனல் கிடையாது, வெளியீட்டுத் தேதி கிடையாது. அதனாலேயே அந்தக் கேமராவால் நிற்க முடியும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு அப்படிப்பட்ட படங்கள் எதற்கு வேண்டும், அவற்றுக்கு முன்னோடிகள் யார், எடுத்த படத்தை முதலில் யாருக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

தன் பெயரில் எடுப்பது

தமிழில் இந்த மரபுக்கு வயது அதிகம். கோட்டையூர்க்காரரான ஏ.கே.செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் திரையிட்டார். அவருக்குப் பின்னால் எந்த ஸ்டுடியோவும் இல்லை. காந்தியைப் படம் பிடித்த துண்டுச் சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து, உலகப் போர் தொடங்கிவிட்ட காலத்தில் அவற்றை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பத்திரிகைக்காரர் ஒருவருடைய பிடிவாதம்தான் அந்தப் படத்தின் முதல்.

நம் காலத்தில் இந்த வழியில் நீண்ட தூரம் நடந்தவர் ஆர்.வி.ரமணி. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டுச் சென்னையில் வாழ்பவர். தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களைத் தேடிப் போன 'நீ எங்கே', எழுத்தாளர் சுந்தர ராமசாமியைப் பற்றிய 'நீ யார்' முதலிய படங்களில் கேமராவைப் பிடித்திருக்கும் ஆள் ஒளிந்துகொள்வதில்லை. தகவல் சொல்லும் கனத்த பின்னணிக் குரலையும் அவர் நம்புவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலைக்கு முன்னால் அவரும் அவருடைய கேமராவும் நின்றார்கள். அவர் பிழைத்தார், கேமரா பிழைக்கவில்லை. போன கேமராவின் நினைவாகவே 'மை கேமரா அண்ட் சுனாமி' என்ற படத்தை எடுத்து 2011இல் வெளியிட்டார். அழிந்த ஊர்களையும் அழும் முகங்களையும் கோடிக்கணக்கான மக்கள் அப்போது தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதன் தன் கையிலிருந்த கருவியோடு கொண்ட உறவை முன்வைத்து அந்த நாளை நினைத்துப் பார்ப்பது வேறு விதமான உண்மை. மரக்காணம் கடற்கரையிலும் அதே காலையில் அதே கடல்தான் ஏறி வந்தது. அந்தக் குப்பங்களில் அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது ஆகப்போகிறது. அவர்களில் ஒருவர் தன் அம்மாவை உட்காரவைத்து அந்தக் காலையைப் பற்றிக் கேட்டால், அது எந்த நிறுவனத்தாலும் எடுக்க முடியாத படம்.

'தன் படம்' என்றதும் தன்னையே காட்டிக்கொள்வது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். பிரான்சின் அக்னெஸ் வர்தா 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தன் படத்துக்காக, எழுபதைத் தாண்டிய வயதில், கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அறுவடைக்குப் பிறகு வயலில் விடுபட்ட உருளைக்கிழங்கைப் பொறுக்குகிறவர்களை, சந்தை கலைந்த பிறகு மிச்சமானதைத் தேடுகிறவர்களைப் படமெடுத்தார். நடுநடுவே சுருக்கம் விழுந்த தன் கையையும் எடுத்தார். பொறுக்குகிறவர்களும் தானும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம் என்பது படத்தைப் பார்க்கிற நமக்குத் தானாகப் புரிகிறது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கடலைக் கொல்லைகள். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஎம்வி ரகங்களைத் தமிழ்நாட்டு விவசாயிகள் நன்றாக அறிவார்கள். செடியைப் பிடுங்கிக் காயை ஆய்ந்து மூட்டை ஏற்றிய பிறகு, மண்ணைக் கிளறி விடுபட்ட காயைப் பொறுக்க வரும் கிழவிகளை எந்த ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையும் கணக்கில் எடுக்காது. ஒரு பேரன் எடுக்கலாம்.

ஒரு ராத்திரிக் கூத்து

செஞ்சிக்கு அருகில் உள்ள மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மூல இடம் அதுதான் என்று இந்த வட்டாரத்தில் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த ஊர்களில் பல ஆண்டுகள் சுற்றித் திரௌபதி வழிபாட்டைப் பற்றி இரண்டு பெரும் தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதியின் பெயரிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று ஊரைப் பொறித்தார். 1988இல் 'லேடி ஆஃப் ஜிஞ்ஜி' என்ற ஆவணப்படத்தையும் கொண்டுவந்தார். பிற்காலத்தில் ஒளிப்பதிவாளர் சசிகாந்த் அனந்தாச்சாரி வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் திருவிழாக்களையும் கூத்தையும் பின்தொடர்ந்து 'கேளாய் திரௌபதாய்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஒன்று ஆய்வாளரின் படம், மற்றது கலைஞரின் படம். இரண்டுமே வெளியிலிருந்து வந்து, தங்கி, கேட்டு எடுத்தவை. அவர்கள் வராமல் போயிருந்தால் நமக்கு அவ்வளவும் இல்லை என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

கூத்தைப் படமெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு பத்து மணி சுமாருக்கு மேளக்கட்டு. கட்டியக்காரன் வந்து, திரை பிடித்து, முதல் வேஷம் வெளிப்படும்போதே நள்ளிரவு நெருங்கிவிடும். அர்ச்சுனன் தபசு என்றால் மரமேற்றம் விடியற்காலையில். கர்ண மோட்சம் என்றால் கர்ணனும் பொன்னுருவியும் பேசி முடிக்கவே மூன்று மணி ஆகும். வெளியூரிலிருந்து வருகிற படப்பிடிப்புக் குழுவுக்கு வேண்டியது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஒப்பனை, கிரீடம், புஜக்கட்டை, கிறுகிறுவென்று சுற்றும் அடவு. பன்னிரண்டரைக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். ஆனால் கூத்து தன் முழு பலத்துக்கு வருவது அதற்கப்புறம்தான். சிறுவர்கள் பாயில் தூங்கிப்போய், பாதிக் கூட்டம் எழுந்து போய், மிஞ்சியவர்கள் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்று மணிக்கு, குரல் கம்மிய நிலையில் கர்ணன் வேஷக்காரர் பாடுவது முதல் ஜாமத்தில் பாடியதைப் போல் இருக்காது. முகவீணைக்காரர் அப்போது வாசிப்பது ஊருக்கு இல்லை, வேஷக்காரருக்கு.

கருவி சொல்லும் கணக்கும் உண்டு. வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் மணிக்கு ஏறத்தாழ 22 ஜிபி ஆகும். எட்டு மணிநேரக் கூத்துக்கு 180 ஜிபி. பேட்டரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் அரிதாரத்தின் சிவப்பு வெளுத்துப்போகும். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றால் மிருதங்கம் தெறிக்கும், தள்ளி நின்றால் வசனம் கேட்காது. மைக்கை எங்கே வைப்பது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு திருவிழா போய்விடும். ஆகவே இந்தப் படம் ஒரே வருஷத்தில் எடுக்கக்கூடியது இல்லை. அடுத்த வருஷமும் வர வேண்டும், அதற்கடுத்த வருஷமும். அதற்கு அந்த ஊரில் அல்லது பக்கத்து ஊரில் வீடு இருப்பது நல்லது.

கடைசி நாள் காலையில் படுகளம். மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்துச் செய்து வர்ணம் பூசியிருப்பார்கள். இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடிய வேஷக்காரர்கள் அதே அரிதாரத்தோடு அந்த மண் உடம்பின் மேல் ஏறி ஓடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தலை முடிவாள். காந்தாரி ஒப்பாரி வைப்பாள். கூட்டம் கலையும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மாலையில் தீமிதி. இதே வழிபாட்டில் முத்தால ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரன் அம்மனுக்குக் காவலாக நிற்கிறான் என்பதை வெளியூர்க்காரர்கள் பலர் ஆச்சரியமாகக் கேட்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

மேல்பாதியை இங்கே மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் திரௌபதி அம்மன் கோயில்தான். ராவுத்தனுக்கு இடம் தந்த வழிபாடு சேரிக்காரரை ஏன் வாசலில் நிறுத்தியது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த வட்டாரத்தில் இனிமேல் யாரும் கூத்துப் படம் எடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. யார் காப்பு கட்டிக்கொள்கிறார்கள், யாருடைய தெருவுக்குத் தேர் போகாது, கூத்து வாத்தியாருக்குச் சாப்பாடு எந்த வீட்டில், எந்த இலையில். இவையெல்லாம் கூத்தின் அழகோடு சேர்த்தே எடுக்கப்பட வேண்டியவை. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம் என்று பதில் வரும். உள்ளூர்ப் பிள்ளைக்கு அந்தப் பதில் வராது. அவனுக்குத்தான் தெரியுமே. உள்ளூரில் இருந்து படமெடுப்பதன் ஆபத்தும் அதுதான். எடுத்து முடித்த பிறகும் அவன் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

திண்டிவனம், ரோசணை

திண்டிவனத்தைச் சினிமா இப்போது வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கிறது. 2021 நவம்பரில் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்துக்குப் பிறகு பேராசிரியர் பிரபா கல்விமணியின் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாகவே அவர் திண்டிவனத்திலிருந்து இருளர்களுக்காக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஊரின் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நடத்திவந்தார். 1993இல் விழுப்புரம் பக்கத்து அத்தியூரில் இருளர் பெண் ஒருவரைப் புதுச்சேரிக் காவலர்கள் வன்கொடுமை செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கு இந்த வட்டாரத்து இருளர் இயக்கத்தில் பெரிய திருப்பம். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்களை மீட்பது, திருட்டு வழக்கில் பொய்யாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு ஜாமீன் எடுப்பது, சாதிச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவது. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் அன்றாடம் இப்படித்தான் நகர்ந்தது.

'ஜெய் பீம்' நல்லது செய்த படம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் வந்தது அந்தப் படத்தால். சான்றிதழ் கேட்டு அலைந்தவர்கள் பலருக்கு அதிகாரிகள் தேடிவந்து கொடுத்ததும் அந்த வாரங்களில்தான். ஆனாலும் அது கதைப்படம். மூலச் சம்பவம் 1993இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் நடந்தது, கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படம் அதை இருளர் கதையாக்கியது, வழக்கறிஞரை நாயகனாக்கியது. கதைப்படத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆவணப்படத்துக்கு இல்லை. நீதிமன்ற வராந்தாவில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பது, வாய்தா என்று திரும்பிப்போவது, திரும்பிப்போன அன்று கூலி போனது, மறுமுறை வர பஸ் காசுக்கு என்ன செய்வது என்ற கவலை. நீதி என்பது இந்த மக்களுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது, அல்லது வராமல் போகிறது. இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பு கேட்டுப் பழகிய பார்வையாளனை அந்த வராந்தாவில் உட்காரவைக்க ஆவணப்படத்தால்தான் முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். சட்டத்தைத் தாண்டியும் ஒரு கணக்கு இருக்கிறது. காவல் நிலையத்துக்கு எதிராகச் சாட்சி சொல்கிறவரின் முகத்தை எடுத்துக்கொண்டு நாம் சென்னைக்குப் போய்விடலாம். அவர் அதே ஏரிக்கரைக் குடிசையில்தான் ராத்திரி படுக்கிறார். முகம் வேண்டுமா, கை போதுமா, குரல் போதுமா என்பது அழகியல் கேள்வி மட்டும் கிடையாது. அவரிடமே படத்தைப் போட்டுக்காட்டி, இது இருக்கட்டுமா எடுத்துவிடட்டுமா என்று கேட்க வேண்டிய கேள்வி.

முதல் பார்வையாளர் யார்?

கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் இப்படியே கேட்டுப் பார்த்தார்கள். மீனவ மக்களைத் தீவிலிருந்து இடம்பெயர்த்துவிடலாம் என்று அரசு யோசித்துக்கொண்டிருந்த காலம். தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போய், ஒரே பெரிய படமாக எடுக்காமல், ஒருவர் பேச்சுக்கு ஒரு சிறு படம் என்று இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றை முதலில் தீவு மக்களுக்கே போட்டுக்காட்டினார்கள். வேண்டாம் என்றவர்கள் தம் பகுதியை நீக்கச் சொல்லலாம். ஒரே தீவில் தனித்தனிக் கிராமங்களாகப் பிரிந்து கிடந்தவர்கள் மற்றவர் குறையைத் திரையில்தான் முதன்முறையாகக் கேட்டார்கள். அதன் பிறகே படங்கள் அமைச்சர்களிடம் போயின. தீவு காலியாகவில்லை.

ஜப்பானில் ஓகாவா ஷின்சுகே இன்னும் ஒருபடி மேலே போனார். விமான நிலையத்துக்கு நிலம் கொடுக்க மறுத்த விவசாயிகளின் போராட்டத்தைப் பல படங்களாக எடுத்தவர், எழுபதுகளின் நடுவில் தன் குழுவோடு யாமகட்டா பகுதியின் மகினோ கிராமத்துக்கே குடிபோய்விட்டார். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே நெல் பயிரிட்டுக்கொண்டே படமெடுத்தார். நெற்பூ மலர்வதைப் பிடிக்கப் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமை வேண்டுமென்றால் வயல் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதை அவர் விவசாயிகளிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே, தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள் கேமராவைக் கையிலெடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். விதையைப் பற்றி, சிறுதானியத்தைப் பற்றி, பருத்தியில் ஏமாந்ததைப் பற்றி அவர்கள் எடுத்த படங்கள் உலகம் சுற்றின. முதலில் பார்த்தவர்கள் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை இருக்கிறது. பவா செல்லதுரையின் 'ஏழுமலை ஜமா' சிறுகதையை எஸ்.கருணா குறும்படமாக எடுத்தார். ஊரை விட்டுப் பிழைக்கப்போன கூத்துக்காரரின் கதை. கருணா தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தில் (தமுஎகச) ஊறியவர். படம் எடுத்ததைவிட அதிக நேரத்தை அவர் பார்வையாளரைச் சேர்ப்பதில் செலவழித்தார் என்று சொன்னால் மிகையில்லை. திரைப்பட விழாக்கள், கலை இரவுகள், கதை சொல்லும் கூட்டங்கள் என்று அந்த ஊரில் பேசவும் கேட்கவும் ஒரு கூட்டம் உருவாகியிருந்தது. 2020 இறுதியில் அவர் காலமானார். மதுரையில் ஆர்.பி.அமுதன் 'மறுபக்கம்' மூலம் செய்துவருவதும் இதே வேலை. தெருக் கழிப்பிடத்தைக் கையால் சுத்தம் செய்யும் மாரியம்மாளோடு நடந்து அவர் எடுத்த 'பீ' (2003), பார்க்கிறவரின் வயிற்றைப் புரட்டும் படம். அந்த அமுதன்தான் 1998லிருந்து ஆவணப்பட, குறும்பட விழாவையும் கட்டியிழுத்து நடத்துகிறார். 'நிழல்' திருநாவுக்கரசு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சிப் பட்டறை நடத்தியதும், 'தமிழ் ஸ்டுடியோ' அருண் மோ தொடர்ந்து திரையிட்டுவருவதும் இந்த வரிசையில் சேரும்.

எதிர்த் திசையில் இழுக்கும் ஒரு பெரும் விசையும் இருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். திறமைக்குக் கதவு திறந்தது நல்லதே. ஆனால் அதற்குப் பிறகு குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் காட்டும் விசிட்டிங் கார்டு என்றாகிவிட்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் எடுக்கும் குறும்படங்களில் பல, சென்னைக் காபி ஷாப்பில் நடக்கின்றன. கதாநாயகன் பேசுவது சென்னைத் தமிழ். கொலை ஒன்று, கடைசியில் திருப்பம் ஒன்று. அவன் தினமும் ஏறும் ஷேர் ஆட்டோவில், அவன் தாத்தா நடந்த முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைச் சாலையில், மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் பெண்களின் காலில் கேமரா படுவதில்லை. சிவாஜி கணேசன் பிறந்தது விழுப்புரத்தில் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சினிமா என்றால் இங்கிருந்து கிளம்பிப்போவது என்றே தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்டோம்.

மாறாக, வானூர் வட்டத்தில் உள்ள ஆரோவில்லைப் பாருங்கள். பொட்டல் செம்மண் மேட்டைக் காடாக்கிய அரை நூற்றாண்டுக் கதையை அங்கே வாழும் கிறிஸ்டோஃப் போல் 'எவர் ஸ்லோ கிரீன்' (2020) என்ற ஆவணப்படமாக எடுத்தார். தான் வாழும் நிலத்தைத் தானே எடுத்தார் என்பதால் அந்த நிதானம் அவருக்கு வாய்த்தது. அதே காட்டுக்குக் குழி வெட்டி, குடத்தில் தண்ணீர் சுமந்த சுற்றுக் கிராமத்துக் கைகளைப் பற்றி, அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று தன் மொழியில் எடுத்தால் அது இன்னொரு படம். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துத் திரையிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

திரையிடுவதில் தணிக்கைச் சிக்கல் இல்லாமல் இல்லை. 2004 மும்பை ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்டபோது ஆவணப்படக்காரர்கள் எதிர்த்துத் திரண்டு 'விகல்ப்' என்று தனி விழாவே நடத்தினார்கள். 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்தைப் பல ஊர்களில் திரையிடவிடாமல் காவல்துறை தடுத்தது. அவர் இணையத்தில் வெளியிட்டார், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். இணையம் கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஏரிக்கரைக் குடியிருப்பில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, படத்தில் இருப்பவர்களும் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது. அங்கே ஒருவர் எழுந்து இது தப்பு என்று சொல்லலாம். எடுத்தவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

புதிதாகப் படம் எடுப்பது மட்டுமே வேலை என்று நினைக்க வேண்டாம். எண்பதுகளின் கடைசியிலிருந்து செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் கடைத்தெருக்களில் கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்காரர்கள் ஊர்த் திருவிழாக்களையும் எடுத்திருக்கிறார்கள். மூன்று மணி நேர விஎச்எஸ் டேப்பில் ஒரு ராத்திரிக் கூத்துக்கு மூன்று டேப் ஆகும். டேப் மாற்றுகிற நேரத்தில் ஒரு பாட்டு போயிருக்கும். ஓரத்தில் தேதி ஓடும், நடுவில் அன்பளிப்புத் தந்தவர் பெயர் வரும். இருந்தாலும் விடியும்வரை நின்ற கேமராக்கள் அவைதான். அவற்றில் ஆடியவர்களில் பலர் இன்று இல்லை. அந்த டேப்புகளில் பூஞ்சை பிடிக்கிறது, ஓட்டுவதற்கு விசிஆர் இல்லை, கடையைக் காலி செய்யும்போது அவை குப்பைக்குப் போகின்றன. ஒரு பழைய விசிஆர், ஒரு கேப்சர் கருவி, ஒரு கணினி இருந்தால் டேப்பை டிஜிட்டலாக மாற்றிவிடலாம். மூன்று மணி நேர டேப்புக்கு மூன்று மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறை நினைத்தால் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கலாம். முதல் பிரதியை ஆடியவரின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஊர், தேதி, வேஷக்காரர்கள் பெயர் எல்லாவற்றையும் அந்த வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.